உப்பு நிறைஞ்சிருக்கு

என் பதவியின் பெயர் மெட்டீரியல்ஸ் பிளானிங் மேனேஜர். வலங்கைமான் சாலையில் இருக்கும் ஓர் அப்பளக் கம்பெனியில் இந்தப் பதவிக்கு அப்படி என்ன வேலை என்று என் மாமனார் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், எண்ணெய், பாக்கெட் கவர், அட்டைப்பெட்டி. இந்த ஆறும் தீருவதற்கு முன்னால் வாங்கிப் போட வேண்டும், அவ்வளவுதான். எல்லா வீட்டு அடுப்படியிலும் சம்பளமில்லாமல் நடக்கிற வேலை. நான் அதற்கு எம்.பி.ஏ. படித்தேன்.

முன்பெல்லாம் எங்கள் கம்பெனியில் உப்பு மூட்டை கூரையைத் தொடும். ஒரு லாரி தீருவதற்குள் வேதாரண்யத்திலிருந்து அடுத்த லாரி வந்துவிடும். பிறகு முதலாளிக்கு ஞானம் பிறந்தது. அவர் பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம்தான், ஆனால் பதினைந்து வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே எவனும் சரக்கைக் குவித்து வைப்பதில்லையாம். வேண்டிய பொருள் வேண்டிய நேரத்துக்கு வாசலில் வந்து நிற்குமாம். அதற்குப் பெயர் ஜஸ்ட் இன் டைம். மேட்டூரில் திறந்த தண்ணீரே கடைமடைக்கு நேரத்துக்கு வந்து சேராத சீமையில், உப்பு லாரி மட்டும் கடிகாரம் பார்த்து வரும் என்று அவர் நம்பினார். சம்பளம் வாங்குகிறவன் என்பதால் நானும் நம்பினேன்.

நம்பியதோடு விட்டேனா, கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலும் போட்டுக் கொடுத்தேன். சரக்கு போதுமானால் பச்சை, குறைந்தால் மஞ்சள், தீர்ந்தால் சிவப்பு. முதலாளி அதைச் செல்போனில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார், பேரன் போட்டோவைக் காட்டுகிற மாதிரி.

என் ஏசி அறைக்கும் ஸ்டோருக்கும் நடுவில் அப்பளம் காயும் களம். நடந்தால் நூறடி. நடந்து போய் உப்பைக் கண்ணால் பார்ப்பது படித்தவன் செய்கிற காரியமில்லை என்பதால், வாரம் ஒருமுறை போனில் கேட்டுப் பட்டியலில் ஏற்றுவேன்.

அந்தப் பக்கம் போனை எடுப்பவர் ஸ்டோர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். கம்பெனி தொடங்கிய நாள் முதல் களத்தில் குனிந்து குனிந்து அப்பளம் பரப்பியவர். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனியும் குனிந்தால் நடமாட்டமே போய்விடும் என்று கும்பகோணத்து டாக்டர் சொன்ன பிறகு, முதலாளியிடம் நாலு தடவை கெஞ்சி ஸ்டோருக்கு மாற்றல் வாங்கியிருந்தார். அங்கே அவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு மின்விசிறியும் இருந்தன. மருந்து மாத்திரை எல்லாம் அப்புறம், இந்த நாற்காலிதான் வைத்தியம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். எட்டாவது வரை படித்தவர். ஒரு அட்டைப்பெட்டி கணக்கில் தவறியதில்லை.

வருஷக் கணக்குக்காக ஒரே ஒருநாள் ஸ்டோருக்குள் போயிருந்தேன். அப்போது என் மனைவி போன் செய்தாள். பேசி முடித்துவிட்டு, வீட்டில் அரிசி நிறைந்திருக்கிறதாம், போகும்போது மூட்டை எடுக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். தன் வீட்டிலும் மஞ்சள்தூள் நிறைந்திருக்கிறது என்றார் அவர். தீர்ந்துபோனதையும் தீரப்போவதையும் பற்றித்தான் இருவரும் பேசிக்கொண்டோம். அரிசியையும் உப்பையும் மஞ்சளையும் எங்கள் பக்கத்தில் வாயால் இல்லை என்று சொல்ல மாட்டோம், சொன்னால் இல்லாமலே போய்விடும். பால் குடிக்கிற வயதிலிருந்து கேட்கிற சொல், இதற்கு யாரும் அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தக் கார்த்திகையில் முதலாளிக்குச் சிங்கப்பூரிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. பொங்கலுக்கு அங்கே கடைகளில் அப்பளம் இருக்க வேண்டும். நான் வழக்கம்போல் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போன் போட்டேன். கவர் தீரப்போகிறது என்றார். அட்டைப்பெட்டி இல்லை என்றார். உப்பு என்று கேட்டேன்.

"உப்பு நிறைஞ்சிருக்கு சார். கொஞ்சம் பாத்துக்கங்க."

பச்சை போட்டேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பார்த்துக்கொள்ளச் சொல்கிறாரே, இடம் கொள்ளாமல் கிடக்கிறது போலிருக்கிறது என்று மேலாண்மைப் படிப்பெல்லாம் கொண்டு யோசித்து, மறுநாள் வேதாரண்யத்திலிருந்து கிளம்ப இருந்த லாரியையும் வேண்டாம் என்று நிறுத்தினேன். குவிந்த சரக்கைக் குறைத்தவன் என்று முதலாளி எனக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

மிச்சமிருந்ததும் தீர்ந்து, நாலாம் நாள் காலை உப்புக் கரைக்கப் போனவர்கள் வெறும் சாக்கை உதறிக் காட்டினார்கள். அதற்குள் கடலோரத்தில் புயல் எச்சரிக்கை, உப்பு ஏற்ற ஆளில்லை, லாரியும் வராது. உளுந்தோ முழுக்க அரைத்து வைத்தாயிற்று. வலங்கைமான் கடைத்தெருவில் பாக்கெட் பாக்கெட்டாக உப்பை அள்ளினேன். கம்பெனியில் கருவாடு போட ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டார் ஒரு மளிகைக்காரர். அத்தனையும் சேர்த்து அரை நாள் மாவுக்குத்தான் காணும். மீதி மாவு மழைக்காற்றில் கட்டிதட்டியது. கப்பல் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. உப்புப் பெறாத காரியம் என்று சொல்வார்களே, அதை நேரில் பார்த்தேன்.

முதலாளி தன் அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அக்கா வாசலோரம் நின்றார். போனில் என்ன சொன்னாய் என்று முதலாளி கேட்க, அக்கா ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னார்.

"காலியாகப்போற மூட்டைய வச்சுக்கிட்டு நிறைஞ்சிருக்குன்னு சொல்லுவியாம்மா?"

"வேற எப்படிங்க சொல்றது? உப்பைப் போயி இல்லன்னு வாயால சொல்லுவாங்களா? சாருக்குத் தெரியும்னுதான் சொன்னேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். அவருக்கும் தெரியும். அவரைப் பெற்றவரும் இந்தச் சீமைதான், அந்த வீட்டு உப்பு ஜாடியும் தீரத் தீர நிறைந்துதான் இருந்திருக்கும். ஆனால் ஆர்டர் போன கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டும். ஸ்டோர் நாற்காலியா, என் ஏசி நாற்காலியா என்பதுதான் அந்த அறையில் மிச்சமிருந்த கேள்வி.

"உங்களுக்கு என்னங்க புரிஞ்சுது?"

அக்கா என்னைப் பார்த்தார். பயந்த மாதிரிகூடத் தெரியவில்லை. அரிசி மூட்டை எடுக்கப் போனவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று நம்பி நின்றார்.

"நிறைஞ்சிருக்குன்னா நிறைஞ்சிருக்குன்னுதான் சார் அர்த்தம்" என்றேன்.

தமிழ் தெரிந்த மூன்று பேர் இருந்த அறையில் இரண்டு பேருக்கு அன்று தமிழ் மறந்துபோனது. அக்கா தன் முதுகைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. மறுநாளே அவரைக் களத்துக்கு அனுப்பினார்கள். நடந்ததைப் பற்றி அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கே வந்தது. கம்யூனிகேஷன் கேப் என்று எழுதினேன். முதலாளிக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. ஸ்டோருக்கு ஒரு பட்டதாரிப் பெண்ணைப் போட்டார்கள், நல்ல பெண், உப்பு நில், அதாவது இல்லை, என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று சொல்லும். என் பட்டியலில் அதற்குப் பிறகு ஒரு பிழை இல்லை.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வீட்டில் ஒருநாள் மனைவி எண்ணெய் நிறைந்திருக்கிறது என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்ன என்று கேட்டாள். சொல்ல வெட்கமாக இருந்தது.

பங்குனி பிறந்து வெயில் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே அக்கா தினமும் தெரிவார். பத்து அப்பளம் பரப்புவதற்குள் ஒருமுறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார். நான் திரைச்சீலை போட்டுப் பார்த்தேன், வெளிச்சம்தான் குறைந்தது. கடைசியில் ஒரு மதியம், அதுவரை ஒரே ஒருமுறை நடந்திருந்த அந்த நூறடியில் பாதியை நடந்தேன். எனக்குத் தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன், முதலாளியிடம் சொல்லி மறுபடி ஸ்டோருக்கே மாற்றிவிடுகிறேன் என்றெல்லாம் பேச நினைத்துப் போயிருந்தேன். கிட்டப் போனதும் வேறு கேள்விதான் வாயில் வந்தது.

"என்மேல கோபம் ஏதும் இருக்காக்கா?"

அவர் நிமிரவில்லை. கையிலிருந்த அப்பளத்தைப் பாயில் வைத்தார், அடுத்ததை எடுத்தார்.

"நிறைஞ்சிருக்கு சார்."

கோபம் அரிசியோ உப்போ இல்லை. இந்தத் தடவை எனக்கு அர்த்தம் புரிந்தது.