சகலை கைவைத்த முக்கொம்பு

தான் வரைந்த படத்தின் மேல் தானே பொறாமைப்பட்ட ஆள், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

போனில் விளையாடுகிற ஒரு கேம். ஆற்றங்கரையில் நிலம் கொடுப்பார்கள்; நாம் வாய்க்கால் வெட்டி, படகு விட்டு, ஊர் கட்ட வேண்டும். ஐம்பதைத் தாண்டியவனுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரை சாயங்கால டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும். விளையாடுகிற தமிழர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. ஆடுபவர்கள் படம் வரைந்து அனுப்பலாம். தேர்வான படம் கேம் திறக்கும்போது முதலில் வரும். அடியில் வரைந்தவர் பெயர்.

அந்தப் பெயருக்காகத்தான் அலைந்தேன். ஓவியக் கலை பற்றி ஒரு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு அது அற்ப ஆசைதான். ஆனால் அலமாரியை யாரும் திறந்து பார்ப்பதில்லை, கேமைத் திறக்கிறார்கள்.

அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் ஏன் திருப்பினீர்கள் என்று நீளமாக எழுதிக் கேட்டேன். கடைசியில் குழுவை நடத்துகிறவர்கள், உங்கள் படத்தைவிடக் கடிதம் நன்றாக இருக்கிறது, படம் மறுக்கப்படுகிறவர்களுக்கு எழுதும் வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்களேன் என்றார்கள். வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் 'வருந்துகிறோம்' என்று எழுதிப் பழகிய கை. ஒப்புக்கொண்டேன்.

வேலை இதுதான். மறுக்கப்பட்ட படத்துக்கு ஆறுதலாக நாலு வரி எழுத வேண்டும். பிறகு அதைக் 'கொட்டகை' என்று நாங்கள் சொல்லும் பக்கத்தில் போட வேண்டும். அங்கே கிடக்கும் படத்தை வேறு யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி அனுப்பலாம். திருத்தியது தேர்வானால், முதலில் வரைந்தவர் ஒரு வாரத்துக்குள் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். தன் பெயரும் வர வேண்டுமா, வேண்டாமா என்று அங்கேயே சொல்லிவிடலாம். அழுத்தவில்லை என்றால் படம் அவ்வளவுதான். இழுத்தடிப்பவர்களுக்கு நினைவூட்டல் எழுதுவதும் என் பொறுப்பு. 'உங்கள் கையில் தொடங்கியது இன்னொருவர் கையில் நிறைவதும் ஒரு கொடுப்பினையே' என்று அதில் ஒரு வரி வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பதவியில் இருந்துகொண்டு படம் அனுப்புகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, என் படங்களை ஒரு புனைபெயரில் அனுப்ப ஆரம்பித்தேன். அந்தப் பெயர் என் மனைவிக்கு மட்டும் தெரியும். அதைக் கேட்ட அன்று அவள் சிரித்த சிரிப்பில், இங்கே அதைச் சொல்லும் தைரியம் போய்விட்டது.

அப்படி அனுப்பியதுதான் முக்கொம்பு. காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடம், மதகுகள், பூங்கா, மீன் வறுக்கிற கடை, ஸ்கூல் பிள்ளைகளை இறக்கிவிடும் பஸ், அஸ்தமனம், ஒன்றையும் விடவில்லை. தண்ணீரின் நிறத்துக்கே இரண்டு புத்தகம் புரட்டினேன். வலது மூலையில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போனபோது, வறுத்த மீனை ஒரு கை பார்த்துவிட்டு, செருப்பைத் தலைக்கு வைத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் தூங்கிய என் சகலை ஞாபகத்துக்கு வந்தார். சும்மா இருக்கட்டும் என்று அவரை அங்கே படுக்க வைத்தேன்.

படம் திரும்பி வந்தது. நானே அதைக் கொட்டகையில் போட்டேன்.

சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அக்காள் கணவர். பாலக்கரையில் வீடு, திருவெறும்பூர்ப் பக்கம் ஃபேக்டரியில் வெல்டிங் பிரிவு. ஓவியம் பற்றி ஒரு வரி படித்தவரில்லை. நான் விளையாடுவதைப் பார்த்து, "நானும் ஏத்திக்கிட்டேன் சகலை" என்றார். ஒரு எருமையை வரைந்து அனுப்பினார், தேர்வானது. ஒரு மதகடியை அனுப்பினார், அதுவும் தேர்வானது. என் மாமியார் இரண்டையும் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பெரிய மாப்பிள்ளை கை ராசியான கை என்று குரல் பதிவும் அனுப்பினார். சின்ன மாப்பிள்ளையான நான் இரண்டு முறையும் கும்பிடு போட்டேன்.

ஒருநாள் எனக்குச் சம்மதம் கேட்டு வந்தது. யாரோ முக்கொம்பைத் திருத்தியிருக்கிறார்கள். திறந்து பார்த்தால், திருத்தியவர் சகலை. மதகு இல்லை, பஸ் இல்லை, அஸ்தமனம் இல்லை, இரண்டு புத்தகத்துத் தண்ணீரும் இல்லை. மரநிழல், ஒரு ஜோடி செருப்பு, அதில் தலை வைத்துத் தூங்கும் ஆள். அவ்வளவுதான். சுற்றிலும் வெயில். பார்த்தால் நமக்கே கொட்டாவி வந்தது.

நன்றாக இருந்தது என்பதுதான் கொடுமை. வரைந்தவரும் அவர், படுத்திருப்பவரும் அவர். யாருடைய படம் என்றும் அவருக்குத் தெரியாது, படத்தில் யார் என்றும் தெரியாது. நான் பொத்தானை அழுத்தவில்லை. வாரம் ஓடட்டும் என்று விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மனைவி பஜ்ஜி போட்டிருந்தாள்.

"எவனோ ஒருத்தன் சகலை, முக்கொம்பையே தூக்கிட்டு வந்து ஒரு படத்துக்குள்ள அடைச்சிருக்கான். சூரியனே ரெண்டு இருக்கு."

"ஒண்ணு தண்ணியில தெரியிறதா இருக்கும்" என்றேன்.

"அது மரத்து மேல இருக்கே."

மனைவி காபி ஆற்றுவதில் மிகுந்த கவனமாக இருந்தாள்.

"ஆனா மூலையில ஒரு ஆளைப் போட்டிருக்கான் பாருங்க, அவன் ஒருத்தன்தான் நிஜம். நல்லா தின்னுட்டுப் படுத்தவன் வயிறு அது. அவனுக்கு எப்படித்தான் வந்துச்சோ."

"யாரையாவது பாத்து வரைஞ்சிருப்பான்."

"அப்படித்தான் இருக்கணும். யாரு பெத்த புள்ளையோ, சரியான தீனிக்காரன்" என்று சொல்லி இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். பிறகு முகம் சற்று வாடியது. "சம்மதம்தான் குடுக்க மாட்டேங்கிறான். நாளையோட முடியுது. பொறாமையா இருக்குமோ சகலை?"

"சேச்சே, அப்படியெல்லாம் இருக்காதுங்க மாமா" என்றாள் என் மனைவி. "வேலையா இருப்பாரு, பாவம்."

"நீங்கதானே சகலை இதையெல்லாம் பாக்கறீங்க? அந்தாளுக்கு ஒரு வார்த்தை எழுதுங்களேன். இது எனக்குப் புடிச்ச படம். மத்ததெல்லாம் சும்மா."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, கம்ப்யூட்டரைத் திறந்து எனக்கு நானே நினைவூட்டல் அனுப்பினேன். டீப்பாய் மேல் இருந்த என் போன் கிணுகிணுத்தது.

"உங்களுக்கு என்னவோ வந்திருக்கு பாருங்க" என்றார்.

"பேங்க்ல இருந்து" என்றேன்.

அவர் போன பிறகு அந்தக் கடிதத்தைப் படித்தேன். 'கொடுப்பினையே' என்ற இடத்துக்கு வந்தபோது, இதை எழுதியவன் கையில் கிடைத்தால் என்ன செய்யலாம் என்று தோன்றியது. இத்தனை நாள் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள். ஒருவர் பதிலுக்கு 'சரி' என்று மட்டும் எழுதியிருந்தார். அடக்கமானவர் என்று நான் அப்போது நினைத்திருந்தேன்.

பெயர் வேண்டாம் என்று சொல்லிச் சம்மதித்தால், இரண்டு சூரியன் போட்டவன் நான் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் கேமைத் திறக்கும்போதெல்லாம் சகலை பெயர் மட்டும் வரும். மாமியார் குரல் பதிவு அனுப்புவார். அந்த வயிறு என்னுடைய வயிறு, அதாவது நான் போட்ட வயிறு, என்று எவரிடமும் சொல்ல முடியாமல் நான் கும்பிடு போட வேண்டும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தெரிந்தது. என் சொந்தப் பெயரைத் தட்டினேன், சம்மதத்தை அழுத்தினேன். இதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுநாள் பஸ்ஸில் கேமைத் திறந்தேன். மரநிழலில் ஆள் தூங்கினார். அடியில் சகலை பெயர், அதற்கும் அடியில், கொஞ்சம் சின்ன எழுத்தில், நான். அடுத்த நிறுத்தத்துக்குள் அவர் போன் வந்தது. சிரிப்பை அடக்குவது இங்கே கேட்டது.

"சகலை, அந்த ரெண்டாவது சூரியன்..."

"விடுங்க."

"இல்லீங்க, தனியா பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு. சரி, படுத்திருக்கறது யாருன்னு உங்க அண்ணி கேக்கறா."

"நீங்கதான்."

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது.

"அவ்வளவாவா இருக்கு வயிறு?" என்றார்.

கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக நான் ஒரு படி மேலே நின்றேன். அது அலுவலகம் போய்ச் சேரும் வரை நீடித்தது. வாட்ஸ்அப் குழுவில் மாமியாரின் குரல் பதிவு வந்திருந்தது.

"ரெண்டு மாப்பிள்ளையும் சேந்து செஞ்சிருக்காங்க, எல்லாரும் பாருங்க. பெரியவரு படத்த வரைஞ்சாராம். சின்னவரு சம்மதம் குடுத்தாராம்."

கீழே உறவுக்காரர்களின் கைதட்டல்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நானும் ஒன்று போட்டேன்.