இரட்சகரைக் கூப்பிடப் போனேன்

எங்கள் மலையூர்களுக்குத் தார்ச்சாலையும் மினிபஸ்ஸும் வரவேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் என் அப்பா. இரண்டும் வந்த வருஷம் சந்தைத் திடலில் அவருக்கு பேனர் கட்டினார்கள். கைகூப்பிய படத்தின் கீழே ‘மலைமக்களின் இரட்சகரே!’ என்று சிவப்பில் எழுதியிருந்தது.

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. நான் படித்த மிஷன் பள்ளியின் காலை ஜெபத்தில் தினமும் வரும். அது இயேசுசாமிக்கு மட்டுமே உரிய பெயர் என்று நினைத்திருந்தேன். சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். பேனர் விஷயம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும், “தன் சனங்களைக் காப்பாத்துறவரும்மா. கூப்பிட்டா வருவாரு” என்றார்.

எங்கள் வீடு ஊரைவிட்டுத் தள்ளி, சாமைக் கொல்லைக்கு நடுவே ஒற்றையாக இருந்தது. அப்பா வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதே அபூர்வம். அம்மாவும் நானும் பேச எதுவும் இல்லாமல் சீக்கிரமே படுத்துவிடுவோம்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கடுமையான ஜுரம். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட முடியவில்லை. அப்பா போனை எடுக்கவில்லை.

“உங்கப்பாவ இட்டுகினு வாம்மா” என்றாள்.

திடலில் அப்பா மனு வாங்கும் கொட்டகைக்கு நனைந்துகொண்டே ஓடினேன். பட்டா கேட்டு வந்தவர்கள் அப்பாவின் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தார்கள். அவரிடம் போக அதுதான் வழி என்று எண்ணி நானும் கடைசியில் நின்றுகொண்டேன்.

என் முறை வந்தபோது அப்பா காகிதத்திலிருந்து தலை நிமிரவில்லை.

“சொல்லும்மா, இன்னா பிரச்சனை?”

“அம்மாவுக்கு ரொம்ப ஜுரம்பா. வூட்டுக்கு வா.”

திடுக்கிட்டு நிமிர்ந்தார். தன் துண்டால் என் தலையைத் துவட்டினார். எனக்குப் பின்னாலும் வரிசை நீண்டுவிட்டிருந்தது. அதை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜீப் வைத்திருந்தவரைக் கூப்பிட்டு, “திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்டுங்கண்ணே. இவங்கள வுட்டுட்டு நான் எப்படி வர்றது?” என்றார்.

சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். அம்மா பிழைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் எங்கள் மலைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள்.

“அண்ணனே வண்டி வச்சி அனுப்பிச்சாராமே! நீ குடுத்து வச்சவக்கா” என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வெகுநேரம் அவள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. ஜுரம் இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன்.