பூக்கல்லுக்கு அடியில் ஈரம்

அந்தக் குளியலறையை நான் கேட்டு வாங்கினேன். நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. ஏழாயிரம்பண்ணையில் என் பிறந்த வீட்டில் நிலம் உண்டு, தொழுவம் நிறைய மாடு உண்டு. பெண்கள் நிம்மதியாகக் குளிக்கக் கிணற்றடியில் ஆள் உயரத்துக்கு மண்சுவரும் உண்டு. சிவகாசிக்கு வாக்கப்பட்டு வந்தால் கொல்லையில் ஓர் ஓலைத்தட்டி மட்டும்தான் இருந்தது. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் பட்டாசுக்குப் பசை ஒட்டிய காகிதக் குழாய்களைக் காயப்போடுவார்கள். வெளிச்சம் வந்துவிட்டால் ஆட்கள் மேலே ஏறிவிடுவார்கள், அப்புறம் பொழுது சாயும் வரை இறங்கமாட்டார்கள். அதனால் நாங்கள் இருட்டோடு எழுந்து, நாலு செம்பு தண்ணீரை அவசரமாக ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையை முழுக்கப் பிழியாமல் ஓடி வருவோம்.

பிள்ளை பெற்ற உடம்போடு அப்படி ஓடிவந்த ஒரு நாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தாயில்பட்டிப் பக்கம் சின்னதாகப் பட்டாசு கம்பெனி வைத்திருந்தார். அறுபதுகள் தொடங்கிய நேரம். அந்த வருஷம் சீசன் நன்றாக இருந்தது, லோடு லோடாகச் சரக்கு போனது. தீபாவளி கழிந்ததும் விருதுநகரிலிருந்து கொத்தனாரைக் கூட்டிவந்தார். சமையல்கட்டை ஒட்டி அறை எழும்பியது. தரைக்கு மதுரையிலிருந்து சிவப்புப் பூப்போட்ட கல் வந்தது. டைல்ஸ் என்று ஒரு பேர் இருப்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது, பூக்கல் என்போம். மூலையில் இடுப்பளவு உயரத்துக்குச் சிமெண்டுத் தொட்டி. உள்ளே தாழ்ப்பாள். வெயில் ஏறியபிறகு தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தலைக்குச் சீயக்காய் தேய்த்து நிதானமாகக் குளித்த முதல் நாள் நான் ராணி மாதிரி வெளியே வந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஈரம் முதலில் என் உள்ளங்காலுக்குத்தான் தெரிந்தது. காலையில் குளித்த தரை மத்தியானம் காய்ந்திருக்க வேண்டும். மேலே காய்ந்துதான் இருந்தது. ஆனால் கால் வைத்தால் தவளை முதுகைத் தொட்டது போலச் சில்லென்று இருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கோடு கறுத்துக் கிடந்தது. சுவர் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. துடைத்தால் போகும், மறுநாள் திரும்பப் பூக்கும். ஒரு கல்லை விரல் முட்டியால் தட்டினால் மட்டும் பொள்ளலாகச் சத்தம் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சலதாரையில்தான் கோளாறு, குளித்த தண்ணீர் வெளியே போகாமல் கல்லுக்கு அடியில் திரும்புகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் போய்த் தரையைத் தடவிப் பார்ப்பேன். பிள்ளை அழுதுகொண்டிருக்கும், நான் கல்லைத் தடவிக்கொண்டிருப்பேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் அத்தை, அதாவது என் மாமியார், வற்றல் மிளகாய் மூட்டை வைத்திருந்தார். ஒரு நாள் மூட்டையைப் புரட்டியவர் அடியில் பூஞ்சணத்தைப் பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நின்றேன். திட்டவில்லை. குனிந்து தரையில் கையை விரித்து வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

"ஏத்தா, இங்கன வந்து தொட்டுப் பாரு. இது ஊத்துத்தான்."

"ஊத்து இல்ல அத்த. சலதாரை அடச்சிருக்கும்."

"நீ கண்ட! சலதாரைத் தண்ணியின்னா நாறாதா? மோந்து பாரு. பூமித்தாயி தானா வாயத் தொறந்துருக்கா, இவ சாக்கடைங்கா."

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஊருக்கு வெளியே உள்ள கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தே ஒரு பக்கம் சாய்ந்துபோன இடுப்பு அவருக்கு. பஞ்ச காலத்தில் பகல் முழுக்கக் கிணற்று மேட்டில் காத்திருந்து அரைக்குடம் கலங்கலோடு வந்தவர். வீட்டுக்குள் தண்ணீர் ஊறுகிறது என்றால் அந்த மனுஷிக்கு வேறு என்ன தோன்றும்?

நான் விடவில்லை. குளிக்காமல் போட்டுப் பார்ப்போம், காய்ந்தால் சலதாரைதான் என்றேன். சரி என்றார். எல்லோரும் பழையபடி ஓலைத்தட்டிக்குப் போனோம். அறையைப் பூட்டி வைத்தேன். ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர் தரையில் விழவில்லை. திறந்து கால் வைத்தால் அதே சில்லிப்பு. கறுத்த கோடு இன்னும் இரண்டு கல் தள்ளிப் போயிருந்தது.

சலதாரை என்ற என் பேச்சு பொய்த்துப்போனது. அத்தை தெருவெல்லாம் சொல்லிவிட்டார். பெண்கள் வந்து வந்து மிளகாய் அறைத் தரையைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொத்தனாரை வரவழைத்தோம். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏம் வேலையில ஒழுக்கு வராது தாயி. தொட்டிக்குச் சிமெண்டுப் பால் ஊத்தி மெழுகியிருக்கேன். பெரியம்மா சொல்றதுதாஞ் சரி, ஊத்துக் கண்ணுதான்" என்றார். ஊற்று என்றால் அவருக்குப் பேர் கெடாது. ஒழுக்கு என்றால் வம்பு.

பிறகு நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தார். தொட்டி மூலைக்குப் போனதும் தேங்காய் நிமிர்ந்து நின்றது. நானும் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். "இங்கனயேதான். நல்ல கண்ணு" என்றார். வெள்ளிக்கிழமை தளத்தைப் பெயர்த்துக் கிணறு தோண்ட நாள் குறித்தாகிவிட்டது.

கம்பெனியிலிருந்து வெள்ளிப்பொடி ஒட்டிய கையோடு வந்த வீட்டுக்காரரிடம் சண்டைக்கு நின்றேன்.

"வீட்டுக்குள்ள கெணறு வந்தா நல்லதுதான புள்ள?"

"தண்ணி வந்தா நல்லது. வரலயின்னா எனக்கு ரூமும் இல்ல, கெணறும் இல்ல. நீங்க போயி தட்டிக்குள்ள குளிச்சுப் பாருங்க, மேல இருந்து அம்புட்டுப் பேரும் பாப்பாக."

அவர் சிரித்துவிட்டு, "நான் குளிச்சா எவன் பாக்கப்போறான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருப்பே கொள்ளவில்லை.  வீட்டில் ஒரு மூலையில் பட்டாசு சுற்றுகிற மெல்லிய தாள் கட்டுக் கிடந்தது. மழைக்குப் பிறகு கம்பெனியில் சரக்கைத் தரையில் பரப்புமுன் ஒரு தாளைப் போட்டுப் பார்ப்பார்கள். தாள் நமத்துப்போனால் அந்தத் தரையில் மருந்துச் சாமான் வைக்கக்கூடாது. பட்டாசுக்காரர் வீட்டில் நமத்துப்போச்சு என்ற சொல் இழவுச் செய்தி மாதிரி. அந்தத் தாளை எடுத்தேன். துண்டு துண்டாகக் கிழித்து, வாசலில் ஒன்று, நடுவில் ஒன்று, சலதாரை ஓரம் ஒன்று, தொட்டி ஓரம் ஒன்று என்று கல்லின் மேல் விரித்து, வெளிக்காற்று படாமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு செம்பைக் கவிழ்த்தேன்.

சாயந்திரம் திறந்தேன். வாசல் தாள் கையில் எடுத்தால் சலசலத்தது. நடுத்தாள் கொஞ்சம் தளர்ந்திருந்தது. நான் இத்தனை நாள் சந்தேகப்பட்ட சலதாரைத் தாளும் அவ்வளவுதான். தொட்டி ஓரத்துத் தாள் ஈர வெற்றிலை மாதிரி கல்லோடு ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. குளிக்காமல் விட்டோம், தரையில் ஊற்றாமல் விட்டோம். ஆனால் தொட்டியை யாரும் காலி செய்யவில்லை. எங்கள் ஊரில் நிறைந்த தொட்டியைக் காலி செய்ய வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? தினமும் காலையில் தண்ணீர் வண்டிக்காரன் பீப்பாயிலிருந்து தொட்டியை விளிம்பு வரை நிரப்புவான். அத்தை பக்கத்தில் நின்று, "ஏலே, தளும்ப ஊத்துலே" என்பார். அறையைப் பூட்டிய வாரத்திலும் அவரே திறந்துவிட்டு நிரப்ப வைத்திருக்கிறார். கொஞ்சம் குறைந்தாலும் காலையில் நிரம்பிவிடும், அதனால் அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை வண்டிக்காரனை வாசலிலேயே நிறுத்தினேன். தொட்டித் தண்ணீர் நின்ற மட்டத்தில் கரியால் கோடு இழுத்தேன். பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து, அதற்குள்ளும் ஒரு கோடு. அத்தை இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வந்த தண்ணியத் திருப்பி அனுப்புதியே, ஒனக்கென்ன கிறுக்கா?"

"ஒரு பொழுது பொறுங்க அத்த. தொட்டி மட்டுங் கொறஞ்சா ஒழுக்கு. வாளியுஞ் சேந்து கொறஞ்சா வெக்கையில வத்துனது."

மத்தியானத்துக்குள் தொட்டியில் ஒரு விரல் இறங்கியது. வாளியில் தண்ணீர் போட்ட கோட்டிலேயே நின்றது. சாயந்திரம் வீட்டுக்காரர் வந்ததும் வாளியையும் தொட்டியையும் காட்டினேன். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை, நமத்த தாளைத்தான் விரலில் உருட்டி உருட்டிப் பார்த்தார். "ஆத்தா, தாளு சொல்லுது, தொட்டிப் பக்கந்தான்" என்றார்.

"புதுச் சிமெண்டு தண்ணி குடிக்கும்லே. தேங்கா பொய் சொல்லுமா?"

தேங்காயும் தொட்டிப் பக்கம்தான் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன். "அத்த, வெள்ளிக்கெழம தோண்டட்டும். ஆனா ரூம் முழுசும் பேக்காதீக. தொட்டியக் காலி பண்ணி ஒடச்சிட்டு அது நிக்குற எடத்துல மட்டும் தோண்டட்டும். ஊத்து இருந்தா அங்கன வரும். வந்தா அப்பறம் ரூம் முழுசும் எடுத்துக்கிடுங்க, நான் வாயத் தொறக்கல."

அத்தை தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "காலி பண்ணு. ஒரு சொட்டுக் கீழ விழுந்துச்சு, ஒன்னய வச்சுக்கிட மாட்டேன்" என்றார்.

தெருப்பெண்கள் குடத்தோடு வந்தார்கள். தொட்டி வற்றியதும் சுவரும் தரையும் சேருகிற இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. கொத்தனார் அதை விரலால் தடவிவிட்டு, "வெயிலுக்கு வெடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை தொட்டியை உடைத்துத் தோண்டினார்கள். செங்கல் ஜல்லிக்குக் கீழே மணல் சொதசொதவென்று இருந்தது. இன்னும் தோண்ட, குழியில் தண்ணீர் தேங்கியது. அத்தை, "பாத்தியா!" என்று கத்திவிட்டார்.  நீரோட்டக்காரர் நல்ல மனுஷன். "இறைச்சுப் பாப்பம் பெரியம்மா. ஊத்துன்னா திரும்ப நெறையும்" என்றார்.

இறைத்தார்கள். ஓரத்து மணலிலிருந்து கசிந்து ஒரு சிரட்டைத் தண்ணீர் சேர்ந்தது. அத்தை எழுந்து நின்றார். அதையும் மொண்டு ஊற்றினார்கள். அப்புறம் அரைச் சிரட்டை வந்தது. நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பிள்ளையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நடந்தேன். பொழுது உச்சிக்கு வருகையில் குழியில் ஈரமண் மட்டும் இருந்தது. கடப்பாறை பாறையில் போய் இடித்தது.

ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அத்தை மட்டும் குழியோரம் உட்கார்ந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷம் இருந்தது, அதை முகத்தில் காட்டவில்லை. கடைசியில் அவர் எழுந்து, இறைத்து வைத்த கலங்கல் தண்ணீரைக் கொட்டவிடாமல் தானே தூக்கிப்போய் மாட்டுக்கு வைத்தார்.

குழியை மூடி, இடித்துக் கெட்டியாக்கி, கல்லைத் திரும்பப் பதித்தார்கள். ஈரம் போன பிறகு உப்புப் பூப்பது நின்றது, மிளகாய் மூட்டையும் பழைய இடத்துக்கு வந்தது. தொட்டி கட்டவில்லை. பித்தளை அண்டா ஒன்று வாங்கி வைத்தோம். முதல் நாள் நல்ல வெயிலில் தாழ்ப்பாள் போட்டுக் குளித்துக்கொண்டிருக்கிறேன், அத்தை கதவைத் தட்டுகிறார்.

"ஏத்தா, எம்புட்டு நேரம்? ஊத்துத் தண்ணியின்னு நெனப்போ?"

"இந்தா வந்துட்டேன் அத்த" என்று சொல்லிவிட்டு, இன்னொரு செம்பு மொண்டு ஊற்றிக்கொண்டேன்.