அம்மாடி என்றால் நடக்கும் குதிரை

எனக்கு முட்டி போனது நாற்பது வயதுக்கு முன்னாலேயே. முதலில் விரல் கணுக்கள் வீங்கின. அப்புறம் மணிக்கட்டு. அப்புறம் இரண்டு முழங்காலும். திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். முடக்குவாதம் என்றார். தரையில் உட்காரக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, ரொம்ப நடக்கக் கூடாது என்றார். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. மாடியும் கிடையாது. மாடிப்படி விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதைக் கடைசிவரை மீறவில்லை.

நடப்பதுதான் சிக்கல். எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். கொஞ்சம் கத்தரியும் போட்டிருந்தோம். வத்தலக்குண்டு ரோட்டிலிருந்து உள்ளே, ஓடை தாண்டி வர வேண்டும். எண்பதுகளில் அந்த ஓடைக்குப் பாலம் இல்லை. பஸ் ரோட்டோடு போய்விடும். விடியுமுன் பூ எடுத்து, ரோட்டுக்குக் கொண்டுபோய், பஸ்ஸில் ஏற்றி, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் போட வேண்டும். போடுவது நான்தான். வீட்டுக்காரருக்கு மார்க்கெட் ஒத்துவராது. கடைக்காரன் என்ன விலை சொன்னாலும் சரி என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

மார்க்கெட்டுக்குப் போக முடியாவிட்டால் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அதுதான் எனக்குப் பயம்.

மூட்டை சுமக்க ஒரு மட்டக்குதிரை வைத்திருந்தோம். பெட்டை. செம்மண் நிறம். மலையிலிருந்து ஆரஞ்சு மூட்டை இறக்கிய குதிரை. முன்னங்கால் ஒன்று நொண்டியதால் தள்ளிவிட்டார்கள், வீட்டுக்காரர் வாங்கிவந்தார். மூட்டையைக் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் ரோடு வரைக்கும் நடப்பேன். மார்க்கெட் போய் வருகிறவரை டீக்கடைப் புளியமரத்தில் நிற்கும். திரும்பும்போது அது வெறும் முதுகோடு வரும். நான் வலியோடு வருவேன்.

ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கினேன். முழங்கால் மடங்கவில்லை. பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. தலைச்சுமையோடு வருகிறவர்கள் சுமையை இறக்கி வைக்க மேலே ஒரு நீளக் கல், ஆள் உட்காரப் பக்கத்தில் ஒரு குட்டைக் கல். குட்டைக் கல்லில் ஏறி நின்று மேல்கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். புளியமரத்திலிருந்து அவிழ்த்து வந்த குதிரை பக்கத்தில் வந்து நின்றது. அதன் முதுகு என் இடுப்புக்கு நேராக இருந்தது. முதுகில் சாக்கு மெத்தை கட்டித்தான் இருந்தது. யோசிக்கவில்லை. ஒருச்சாய்த்து உட்கார்ந்துவிட்டேன்.

டீக்கடைக்காரர் எனக்குக் கொழுந்தன் முறை. கரண்டியோடு ஓடி வந்தார்.

"ஏ மதினி! மலக்கோட்டயப் புடிக்கவா கெளம்பிட்டீக?"

"மொத ஒம் கடையத்தான் புடிக்கணும். டீயா போடுற, கழனித்தண்ணி" என்றேன்.

ஊருக்குள் போனபோது எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். வீட்டுக்காரரும் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இந்தா, எறங்கு. ஊரே சிரிக்கிது."

"எறங்க முடியல."

"ஏறத் தெரிஞ்சுச்சுல்ல?"

"ஏறுறப்ப கல்லு இருந்துச்சு."

அவர் என்னை இடுப்பில் பிடித்து இறக்கினார். நான் லேசான ஆள் இல்லை. பின்னால் குப்பைக்கிடங்கு இருந்ததை அவர் மறந்துவிட்டார். இரண்டு பேரும் அதில் விழுந்தோம். குதிரை கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தது. அதுவரை சிரிக்காதவர்களும் அப்போது சிரித்தார்கள்.

அன்றைக்குக் குளித்துவிட்டு வந்து ஒரு தீர்ப்புச் சொன்னார். "நீயா ஏறி நீயா எறங்குனா ஏறிக்க. எவனாச்சும் ஒன்னயத் தூக்கிவிட்டான்னு காதுல விழுந்துச்சு, குதிரைய வித்துப்புடுவேன்."

சரி என்றேன்.

அதற்குப்பின் நானும் குதிரையும் தனித்தனியாகப் பாடம் படித்தோம். வீட்டில் கல்தொட்டியின் விளிம்பில் ஏறி உட்காருவேன். ரோட்டில் சுமைதாங்கி. விரல் மடங்காததால் எனக்கு முடிச்சுப் போட வராது. குதிரையைக் கட்டுகிற கயிற்று நுனியில் ஒரு குச்சியை மாட்டச் சொல்லி, அதை வளையத்தில் செருகிவிடுவேன். குதிரை அதைப் பார்த்தே கற்றுக்கொண்டது. பல்லால் குச்சியை உருவிவிடும். உருவிவிட்டு எங்கும் போகாது. உருவியதை நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

குளம்பில் கல் சிக்கும். குனிந்து எடுக்க எனக்கு முடியாது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, அதன் காலைக் கம்பால் ஒரு தட்டுத் தட்டுவேன். தூக்கி என் மடியில் வைக்கும். பிள்ளைக்கு நகம் வெட்டுகிற மாதிரி சுத்தம் செய்வேன். முதுகு தேய்க்கத் தேங்காய்நாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கையோடு துணி சுற்றிக்கொண்டு தேய்ப்பேன்.

சமையலும் ஒன்றுதான். கொள்ளு அவிப்பேன். தண்ணீர் எனக்கு ரசம். கொள்ளு அதற்கு. விளக்கெண்ணெயில் நொச்சி இலையும் கற்பூரமும் போட்டுக் காய்ச்சுவேன். முதலில் அதன் முன்னங்காலுக்கு, மிச்சம் என் முழங்காலுக்கு. பஸ்ஸில் அந்த வாடைக்கு யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருந்தது. நாளாக நாளாகக் குதிரையின் நொண்டல் போய்விட்டது. என்னுடையது போகவில்லை.

நான் ஏறுவதற்கு நேரம் ஆகும். முதலில் ஒரு கால், அப்புறம் யோசனை, அப்புறம் இன்னொரு கால். குதிரை கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். ஈ மொய்த்தாலும் அசையாது. நான் உட்கார்ந்ததும் முழங்காலில் ஒரு குத்துக் குத்தும். என்னையறியாமல், "அம்மாடி" என்பேன். உடனே கிளம்பும்.

நல்ல புத்தியுள்ள குதிரை, நான் உட்கார்ந்ததைத் தெரிந்துகொண்டு போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். பங்குனியில் வெயில் ஏறி வலி கொஞ்சம் விட்டது. ஒருநாள் வலியில்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். குதிரை நின்றது. ஹை என்றேன், நின்றது. தட்டினேன், நின்றது. பஸ் வருகிற நேரம். "அம்மாடி, பஸ் போயிருமே" என்றேன். கிளம்பிவிட்டது.

அப்போதுதான் புரிந்தது. அதன் கணக்கில் நான் ஏறி முடித்ததற்கு அடையாளம் அந்த அனத்தல்தான். வெறும் சொல்லுக்கும் போகாது. சோதித்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து வர வேண்டும். அதற்குப்பின் வலி இல்லாத நாளிலும் அனத்திவிட்டுத்தான் போனேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. மழை வந்தால் என் மூட்டுகள் எல்லாம் ஒன்றுகூடிப் பேச ஆரம்பித்துவிடும். ஒரு மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். குட்டைக் கல் பாசி பிடித்திருந்தது. ஏறினேன். ஒரு காலைத் தூக்கும்போது மறுகால் வழுக்கியது. குதிரை முதுகில் குப்புற விழுந்தேன். தலை அந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம். விழுந்த வேகத்தில், "அம்மாடி" என்று கத்திவிட்டேன்.

குதிரை கிளம்பிவிட்டது.

கத்தரி மூட்டை மாதிரி தொங்கிக்கொண்டு போகிறேன். கத்தக் கத்த அது வேகமாகப் போகிறது. பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். குதிரை விசிலுக்கு நிற்குமா? அவரும் கொழுந்தனும் ஓடி வந்து கயிற்றைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"யக்கா, உள்ள எடமில்லன்னு தொங்குறவகளப் பாத்துருக்கேன். குதிரையில இப்பத்தான் பாக்குறேன்" என்றார் கண்டக்டர்.

"பேசாமத் தூக்கிவிடுப்பா. ரத்தம் தலைக்கு எறங்குது."

கண்டக்டர் காலைப் பிடித்தார். கொழுந்தன் தோளைப் பிடித்தார். நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாக வந்து ஜன்னலில் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்த்த பிறகு விஷயம் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது.

வீட்டுக்காரர் திட்டவில்லை. "சொன்னேன்ல?" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரமே ஆள் வந்துவிட்டது. தொப்பம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். வாலிப வயது. முறுக்கிய மீசை, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. தோப்பு பெரிது, குதிரையில் சுற்றிப் பார்க்க ஆசை என்றார். குதிரையின் பல்லைப் பார்த்தார், காலைத் தடவினார். எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அது பளபளவென்று இருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் அது பளபளப்பாக இருப்பது பிடிக்கவில்லை.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஏறிப் பாத்துரலாமுங்களா?"

"தாராளமா ஏறுங்க. பச்சப்புள்ளயே ஓட்டலாம்" என்றார் வீட்டுக்காரர்.

தோப்புக்காரர் ஒரே தாவில் ஏறினார். குதிரை கண்ணை மூடிக்கொண்டது. நாக்கைத் தட்டினார். குதிகாலால் இடித்தார். ஹை ஹை என்றார். குதிரை நின்றது. வீட்டுக்காரர் முன்னால் போய்க் கயிற்றை இழுத்தார். கழுத்து நீண்டது, கால் அசையவில்லை. பின்னால் போய்த் தள்ளினார். அது வாலால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டது.

"ஏனுங்க, இது குதிரைங்களா, கோயில்ல செஞ்சு வச்சதுங்களா?"

"நேத்துக்கூட ரோட்டுக்குப் போச்சுங்க!" வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "என்னத்தப் பண்ணி வச்ச?"

கேட்டுவிட்டார். சொன்னேன்.

"அனத்தணும்."

"என்னது?"

"ஏறி ஒக்காந்து, வலிக்கிற மாதிரி அம்மாடின்னு அனத்தணும். அப்பத்தான் போகும்."

தோப்புக்காரர் சிரித்த சிரிப்பில் மீசை கலைந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு மானம் போய்விட்டது. "இவ பேச்சக் கேக்காதீங்க. எறங்குங்க, நான் ஓட்டிக் காட்டுறேன்" என்று தொட்டியில் கால் வைத்து ஏறினார். அதட்டினார். கெஞ்சினார். குதிரை தூங்கிவிட்டது.

அவர் என்னைப் பார்க்காமல், தொண்டைக்குள்ளே, "ம்மாடி" என்றார்.

"அது ஏப்பங்க" என்றேன்.

இன்னொரு தடவை சொன்னார். குதிரை ஒரு காதை மட்டும் திருப்பியது.

"இன்னங் கொஞ்சம் வலிக்கணும்."

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி, "அம்மாடியோவ்!" என்று ஒன்று விட்டார்.

குதிரை கிளம்பியது. தெருவில் குடத்தோடு போன ஒருத்தி குடத்தை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "என்ன மாமா, ஒங்களுக்கும் முட்டியா?" என்று கேட்டாள். அவர் நில்லு நில்லு என்றார். குதிரைக்கு நில்லு தெரியாது. சுமைதாங்கி தெரியும். ஓடையில் இறங்கி ஏறுகிறபோது மேடு பள்ளத்தில் அவர், "அம்மா", "அம்மாடி" என்று நிஜமாகவே கத்தியது எங்களுக்குக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அது இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருக்க வேண்டும். சத்தம் சீக்கிரம் தேய்ந்துவிட்டது.

தோப்புக்காரருக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குதிரை அருமைங்கக்கா. ஆனா எனக்கு ஆகாதுங்க. தேங்கா போடற ஆளுக முன்னால நான் அம்மாடின்னு அனத்தினா, அப்பறம் ஒருத்தனாச்சும் நான் சொல்றதக் கேப்பானுங்களா?"

"பழக்கி மாத்திக்கலாமே" என்றேன். நியாயத்தைச் சொல்ல வேண்டும்.

"இத்தன நாளு பழக்குனது நீங்க. மாத்தறதும் நீங்களே மாத்திப்போட்டு, சொல்லியனுப்புங்க. வாரனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் ரொம்ப நேரம் கழித்து வந்தார். நடந்து வந்தார். கயிற்றைப் பிடித்திருந்தார். காலை அகட்டி அகட்டி வைத்தார். வந்தவர் கட்டிலில் பக்கவாட்டில் சாய்ந்தார். உட்காரவில்லை.

"போயிட்டானா?"

"போயிட்டாக."

அப்புறம் கேட்டார். "அந்த ஓடைப் பள்ளத்துல தூக்கிப் போடுதே. தெனமும் இப்பிடித்தான் போறியா?"

"மழைக்கு இன்னங் கொஞ்சம் சாஸ்தி."

எண்ணெய்ச் சட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். குதிரைக்கு வைத்தது என்று தெரிந்தும் எடுத்துத் தேய்த்துக்கொண்டார்.

மறுநாள் விடியுமுன் பூ எடுத்தாயிற்று. மூட்டையை ஏற்றியாயிற்று. தொட்டிப் பக்கம் போனேன். கல் ஈரமாக இருந்தது. நான் அவரைக் கூப்பிடவில்லை. அவரே காலை அகட்டிக்கொண்டு வந்து குதிரைக்குப் பக்கத்தில் நின்றார். கையை நீட்டவில்லை. தோளைக் காட்டினார். அதில் கையை ஊன்றி ஏறினேன்.

"தூக்கிவிட்டா வித்துப்புடுவேன்னீக?"

"அது அடுத்தவன் தூக்குனா" என்றார்.