இழுத்தால் கழலும் வயர்

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து என் வீட்டுக்காரிக்குக் குரல் இல்லை, வெறும் காற்றுதான் வருகிறது. எனக்கோ அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அமுக்கும் பிரஸ் ஓட்டியே காது பாதி போய்விட்டது. பின் அறைக் கட்டிலிலிருந்து அவள் தம்ளரைத் தட்டினால் வாசல் அறையில் எனக்குக் கேட்காது. ஒரு மதியம் வழுக்கி விழுந்து, தட்டித் தட்டி ஓய்ந்துபோய்க் கிடந்தாள். தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் பார்த்தேன்.

கடையில் வயர் இல்லாத பெல் வாங்கி மாட்டினேன். பக்கத்து வீட்டிலும் அதே பெல்தான்; அங்கே யாராவது வந்து பட்டனை அமுக்கினால் என் வீட்டில் அடித்தது. எரிச்சலில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வயர் இழுத்து நானே ஒரு பெல் செய்ய உட்கார்ந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. போன் வீடியோவில் வருகிறவனின் கையைப் பார்த்துத்தான் எல்லாம்.

வயர் முனையில் எறும்பு மாதிரி ஒரு பின். அதன் இறக்கைகள் செம்புக் கம்பியைச் சுருட்டிப் பிடிக்க வேண்டும். அதை அமுக்கக் குறடு மாதிரி ஒரு கிரிம்பிங் டூல். வாங்கின புதிதில் நாலைந்து பின் நன்றாகத்தான் பிடித்தது. ஆயுத பூஜைக்கு அப்புறம் பிடித்தது சனியன். அமுக்கி, கனெக்டரில் சொருகி, லேசாக இழுத்தால் வயர் மட்டும் கையோடு வரும். திரும்ப வெட்டு, தோலை உரி, அமுக்கு. திரும்பவும் வரும்.

அவள் தம்பி கோவில்பதாகையிலிருந்து வந்தான்.

"இன்னா மாமே, இன்னும் வயரோட மல்லுக்கட்டிக்கினு கீறியா? அக்காவுக்கு ஒரு விசில் வாங்கிக் குடேன்."

"ஊதுறதுக்குத் தொண்டைல தெம்பு கீதாடா அவளுக்கு?"

"அப்ப உன் கண்ணுதான் அவுட்டு. ஒத்துக்கோ."

"யாரு கண்ணுடா அவுட்டு?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. எஸ்டேட் கதையை எடுத்துவிட்டேன். பூஜை அன்று பிரஸ், தராசு, முதலாளி ஸ்கூட்டர், தண்ணி டிரம் வரைக்கும் பொட்டு வைப்போம். பொரி தின்றுகொண்டே வீட்டுக்குப் போவோம். "ஆனா மறுநாளு மொத வேலை இன்னா தெரியுமா? மண்ணெண்ண தொட்டு டைய, அதான் தகட்ட அமுக்குற அச்ச, தொடைக்கணும். சந்தனம் காஞ்சி உள்ள ஒட்டிக்கினு கீதுன்னா தகடு கோணலா..."

அங்கேயே நிறுத்திவிட்டேன். டூலின் வாயை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். பல் இடுக்கெல்லாம் மஞ்சளாகக் காய்ந்து கெட்டியாகியிருந்தது. பின்னின் இறக்கை எப்படிச் சுருளும்?

ஆயுத பூஜைக்கு வீட்டில் சாமானுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்தவள் என் வீட்டுக்காரிதான். போய்க் காட்டிவிட்டுக் காதை அவள் வாயருகே வைத்தேன்.

"அதுக்கு வாயிலதான வேலை," என்றாள் காற்றாக. "அதான் அங்க வச்சேன்."

"மெஷினுக்குச் சந்தனத்த ஊட்டி வுட்டுகீது பாரு அக்கா!" மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பின்னை வீணாக்கியிருப்பேன்!

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். அமுக்கினேன். இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன், வரவில்லை. பட்டனை அவள் தலையணை ஓரம் கட்டிவிட்டு வாசல் அறைக்கு வந்து உட்கார்ந்தேன்.

பெல் அலறியது. முட்டி வலியோடு ஓடினேன்.

"இன்னாமே?"

"சும்மா. கேக்குதானு பாத்தேன்."

"சும்மா அமுக்காதமே! வோணும்னா மட்டும் அமுக்கு!"

தலையாட்டினாள். நான் திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடி அடித்தது.