மின்கம்பி போகாத வீட்டுக்கு வெள்ளை அடித்த கதை

சோலரும் கிணறும் போதும், மின்சார சபையின் கம்பியே வேண்டாம் என்று இரண்டு வருடமாக என் கணவரின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன். "முதலில் அப்படி இருக்கிற ஆக்களைப் போய்ப் பாரும்" என்றார். அதனால்தான் போன ஆவணியில் முள்ளியவளைக்குப் புறப்பட்டேன். அங்கே என்னோடு படித்த சுமதியும் அவள் கணவர் ரவியும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

வவுனியாவில் காலை 6.15க்கு பஸ். மாங்குளம் வழியாக ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீற்றர், இரண்டரை மணித்தியாலம், எனக்கு 380 ரூபா. இறங்கி ஓட்டோவில் நாலு கிலோமீற்றர், 500 ரூபா. "கரண்ட் இல்லாத வீட்டுக்கோ? அங்கதான் ஐஸ் தண்ணி குடிக்கலாம்!" என்று ஓட்டோக்காரர் சிரித்தார்.

உண்மைதான். கூரையில் நாலு சோலர் தகடு, உள்ளே சின்னக் குளிர்சாதனப் பெட்டி. ஆனால் சுமதியின் முகம் சரியில்லை. அது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரை ஏக்கர். அதில் குடியிருக்க வேண்டும், பயிர் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு முந்தின மாதம் பிரதேச செயலகத்திலிருந்து பார்க்க வந்த ஒருவர், வீட்டுக்குக் கம்பி போகவில்லை என்றதும் றோட்டில் நின்றபடியே 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டாராம். மறுபரிசோதனை நான் போனதற்கு அடுத்த நாள் காலை பத்து மணிக்கு. "திரும்பவும் ஆள் இல்லையெண்டு எழுதினா காணி போச்சுதடி" என்றாள்.

வருகிறவர் பெரிய உத்தியோகத்தர், வீடு வடிவாக இருக்க வேண்டாமா? வெள்ளை அடிப்போம் என்று முதலில் சொன்ன வாய் என்னுடையதுதான். மூவரும் பின்னேரம் முழுக்கக் குசினிச் சுவரின் புகைக் கறையை மறைத்து வெள்ளை அடித்தோம். முற்றம் கூட்டினோம், கொடியில் கிடந்த உடுப்பெல்லாம் அலுமாரிக்குள் போனது, கோழிகள்கூட ரவியின் தமையன் வீட்டுக்குப் போயின.

உத்தியோகத்தர் வந்து சுற்றிப் பார்த்தார். குசினிக்குள் நின்று மூக்கைச் சுளித்தார்.

"தங்கச்சி, இப்பதான் கட்டின வீடு மாதிரிக் கிடக்கு. இதில ஆரும் இருந்த மாதிரித் தெரியேல்லையே. கரண்ட் பில் இருக்கோ?"

"சோலர்தானே சேர், பில் வராது."

அட கடவுளே, இருந்த அடையாளம் எல்லாவற்றையும் நானே துடைத்துவிட்டேனே!

"அடுப்பில சாம்பல்கூட இல்லை" என்றார் அவர்.

"சாம்பல் எல்லாம் கக்கூசுக்குப் போடுறம் சேர்" என்றார் ரவி.

"கக்கூசுக்கோ?"

அது தண்ணீர் ஊற்றாத கக்கூசு. போய்வந்ததும் மேலே சாம்பல் போட வேண்டும். கீழே இருக்கிற இரண்டு அறைகளில் ஒன்று நிரம்பினால் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள், மக்கியது மரத்துக்குப் பசளை. அங்கே மட்டும் நாங்கள் கை வைக்கவில்லை. ரவி பெருமையாக அந்த அறையின் பின்கதவைத் திறக்க, உத்தியோகத்தர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் பாய்ந்தார்.

"காணும், காணும், மூடுங்கோ! எத்தினை நாளா இது?"

"ஒரு பக்கம் நிரம்ப எட்டு மாசம் சேர். இது ரெண்டாவது."

"அப்ப இருக்கிறியள்தான்!"

அந்த இடத்திலேயே 'ஆள் இருக்கு' என்று எழுதினார். கிணற்றில் இருந்து கக்கூசு வரை தூரம் அளந்தார், அறுபத்திரண்டு அடி. சரி என்றார். தென்னம்பிள்ளைகளை எண்ணினார். பிறகு ஐஸ் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் குடித்தபடி தகடு என்ன விலை என்று விசாரித்தார். சுமதி என்னைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் அதே நிலைதான்.

இப்படி வாழ நினைக்கிறவர்களுக்கு: காணி வாங்க முன் அது அரசாங்க அனுமதிப்பத்திரமா சொந்த உறுதிப் பத்திரமா என்று பாருங்கள், குளத்துக்கு ஒதுக்கிய நிலத்துக்குள்ளோ காட்டு எல்லைக்குள்ளோ விழுகிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வீட்டு வரைபடத்துக்குப் பிரதேச சபை அனுமதி வேண்டும், சோலர் என்றாலும் விடமாட்டார்கள். கரண்ட் பில் இல்லாததால் கிராம சேவையாளரிடம் வதிவிடக் கடிதம் எடுத்து வையுங்கள். பரிசோதனை நாளில் உடுப்பைக் கொடியில் விடுங்கள், கோழியை முற்றத்தில் விடுங்கள்.

கதையைக் கேட்ட என் கணவர் ஒருவழியாக ஓம் என்றுவிட்டார். நாங்களும் காணி பார்க்கிறோம். அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று: வெள்ளை அடிக்கிற வாளியை நான் தொடக்கூடாது.