பீலியில் செருகிய கொப்பு

போன சனிக்கிழமை பதுளை பஸ் ஸ்டாண்டில் ஐந்தாறு கம்பஸ் பிள்ளைகள் நின்றார்கள். முதுகில் பெரிய பை, கையில் வலை, வெள்ளைத் தட்டு. ஒருத்தி குந்தியிருந்து, அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரை இழுத்த காலுறை மேஸின்மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பொறாமை வந்தது. இருபது வயதுப் பிள்ளைகளைப் பார்த்து நாற்பது வயது ஆளுக்கு. சிரிக்கிறதென்றால் சிரியுங்கள்.

சவர்க்காரம் எங்களுக்கும் தெரிந்ததுதான். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்தெடுக்கப் போகுமுன் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிவிட்டு, வெறுங்காலில் தேய்த்துக்கொள்வாள். அட்டைக்கென்று தனியாக ஒரு மேஸ் உண்டு என்பதை ஷாலினியின் காலில்தான் முதலில் பார்த்தேன்.

ஷாலினி கொழும்புப் பிள்ளை. நானும் அவளும் கம்பஸில் ஒரே வகுப்பு, சுற்றாடல் விஞ்ஞானம். அவளிடம் தொலைநோக்கி இருந்தது, நனையாத சப்பாத்து இருந்தது, மலையேறப் போவதற்கென்றே ஒரு தொப்பி இருந்தது. மலை ஏறுவதை ஒருத்தர் ஆசைக்குச் செய்வார் என்பதே எனக்கு அன்றைக்குப் புதுசு. எங்கள் வீட்டு ஆட்கள் ஏறினால் அன்றைய வேலைக்குப் பெயர் போடுவார்கள், சம்பளம் தருவார்கள். அவள் கெட்டவளும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கடைசி வருஷம் ஆளுக்கொரு ஓடையில் பூச்சி எண்ணி அறிக்கை எழுத வேண்டும். பூச்சி நிறைய இருந்தால் தண்ணீர் நல்லது. முதலாவதாக வருகிற ஒருவரை ஒரு மாதம் வெளிநாட்டு மலைக்காட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அந்த ஒரு இடத்துக்காக மூன்று வருஷம் தூங்காமல் படித்தேன். விரிவுரையாளர் சீட்டுக் குலுக்கினார். எனக்கு ஹாலிஎலப் பக்கம் ஒரு சாக்கடை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லயத்து ஓடை அவளுக்கு. நான் விழுந்து குளித்த ஓடை. போதாததற்கு, வழி காட்டச் சொல்லி என்னிடமே வந்தாள்.

அந்த ஓடையிலிருந்துதான் லயத்துப் பீலிக்கு, நாங்கள் தண்ணீர் பிடிக்கிற மூங்கில் குழாய்க்கு, தண்ணீர் வரும். அப்பா மருந்தடிக்கிற ஆட்களில் ஒருவர். மேலே புல்லுக்கு மருந்தடித்தால், பீலியின் வாயில் ஒரு தேயிலைக் கொப்பைச் செருகிவிட்டு வருவார். கொப்பு இருந்தால் யாரும் தண்ணீர் தொடமாட்டார்கள். மழை வந்து ஓடை கழுவப்பட்ட பிறகு அவரே எடுப்பார். எழுத்துத் தெரியாத கிழவிக்கும் அது விளங்கும்.

ஷாலினியை நான் கூட்டிப்போன காலையில் கொப்பு இருந்தது. இலை வாடவேயில்லை.

"இதென்ன கொப்பு?" என்று கேட்டாள்.

"சாமிக்கு வைக்கிறது," என்றேன்.

அவளுக்கு அது பிடித்துவிட்டது. நாலைந்து படம் எடுத்தாள். பிறகு ஓடையில் இறங்கி, மத்தியானம் வரை கல்லைப் புரட்டினாள். தட்டில் செத்த நண்டு ஒன்றுதான் விழுந்தது. பூச்சியே இல்லையென்றால் பூஜ்ஜியம்தான் போடுவார்கள் என்று நான் கரையில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன். அவ்வளவு படித்தும் அவ்வளவுதான் என் மூளை.

ரொட்டி கொண்டுவந்த அம்மா என்னைத் தள்ளிக் கூப்பிட்டாள்.

"மருந்தடிச்ச தண்ணியில அந்தப் புள்ள என்னத்தடா தேடுது? நீ சொல்லலையா?"

"நீங்க சும்மா இருங்கம்மா."

ஷாலினி பூஜ்ஜியம் வாங்கவில்லை. ஒரு தோட்டத்து ஓடை செத்துப்போனதைக் கண்டுபிடித்தவள் என்று பாராட்டு வாங்கினாள். அறிக்கையின் அட்டையில் பீலியும் கொப்பும். அவள் பயிற்சிக்குப் போனாள், அங்கேயே மேலே படித்தாள், இப்போது எங்கெங்கோ பனிமலையில் நின்று படம் போடுகிறாள். எல்லாவற்றையும் பார்க்கிறேன். நான் ஒரு கந்தோரில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கடிதம் பிரிக்கிறேன்.

அறிக்கை தோட்டத்து ஆபிசுக்கும் போனது. அவர்கள் மருந்தை நிறுத்தவில்லை. பீலியை நிறுத்தினார்கள். சுற்றிக் கம்பி வேலி அடித்து, இந்தத் தண்ணீர் ஆகாது என்று பலகை மாட்டி, லயத்துக் கோடியில் ஒரு குழாய் வைத்தார்கள். காலையில் ஒரு மணி நேரம் வரும். அம்மா சாகும்வரை அந்த வரிசையில் நின்றாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்: "அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா?"

சனிக்கிழமை, சவர்க்காரம் தேய்த்த பிள்ளை என்னிடம் ஸ்பிரிங்வெளி பஸ் எது என்று கேட்டாள். கையில் இருந்த போனில் அதே அட்டைப் படம். அதே ஓடையில் பூச்சியைத் திரும்ப எண்ணப் போகிறார்களாம்.

"அண்ணா, இது என்ன சடங்கு தெரியுமா?"

"சடங்கு இல்லம்மா. மருந்தடிச்சிருக்கு, தொடாதன்னு அர்த்தம். அன்னைக்கு மருந்தடிச்ச கையோட, மழைக்கு முன்ன எண்ணினது தப்பு."

அவள் எழுதிக்கொண்டாள். யார் சொன்னதென்று போடுவது என்று கேட்டாள். அந்த அறிக்கையில் என் பெயர் இல்லையே என்றுதான் இத்தனை வருஷம் வயிறெரிந்தேன். பெயரைச் சொன்னேன். அப்பா பெயரையும் சொன்னேன்.

பஸ்ஸில் ஏறும்போது பீலி எந்தப் பக்கம் என்று கேட்டாள். கம்பிக்கு உள்ளே வெடித்த மூங்கில் ஒன்று கிடக்கும், அதுதான் என்றேன். கொப்பு ஏதும் இருக்காது. மருந்து இப்போதும் அடிக்கிறார்கள். செருகிச் சொல்வதற்குத்தான் ஆளும் இல்லை, இடமும் இல்லை.